முட்டி சரி, இடுப்பு சரி, நடை மட்டும் சரியில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளிக்கு முதுகில் அறுவை செய்தவன் நான். அதனால் கீழே குறை என்று சொல்லியிருப்பதில் பாதி என் கணக்கில் வரும். அவரை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இதில் இல்லை.

அவருக்கு 67 வயது. கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். 12 வருடமாகச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின். இரண்டு முட்டியிலும் தேய்மானம் இருந்தது, இடதில் அதிகம். இடது முட்டியில் மாற்று அறுவை நடந்தது. தண்டுவட ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள், சிக்கல் எதுவும் இல்லை. ஆறாம் வாரத்தில் காயம் ஆறி, முட்டி 0 முதல் 115 டிகிரி வரை மடங்கியது. மூட்டில் இருந்த பழைய வலி போய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஆறாவது மாதம் திரும்பி வந்தார். "வலி இல்ல டாக்டர். ஆனா முட்டிய நம்ப முடியல. திடீர்னு மடங்குது."

முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 5 பேரில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு நம்மைச் சோம்பேறி ஆக்கிவிடும். "இவர் அந்த ஐந்தில் ஒருவர்" என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடலாம். முட்டி மருத்துவர் அப்படிச் செய்யவில்லை. முறையாகத் தேடினார்.

செயற்கை மூட்டு வைத்தவர் எந்தக் குறை சொல்லி வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே கிருமி இருக்கிறதா என்பதுதான். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தச் சோதனைகள் இரண்டு, சிஆர்பியும் ஈஎஸ்ஆரும். இவருக்கு சிஆர்பி லிட்டருக்கு 4 மில்லிகிராம். நாட்பட்ட தொற்றைச் சந்தேகிக்க வைக்கும் எல்லை 10. ஈஎஸ்ஆர் 34, அதாவது எல்லையான 30-ஐ லேசாகத் தாண்டியிருந்தது. வயதும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் இந்த அளவு ஏறுவது சாதாரணம்தான், ஆனாலும் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. முட்டியில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். அதற்குள் ஒரு தடங்கல்: சளிக்காக யாரோ கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை முந்தின வாரம்தான் சாப்பிட்டு முடித்திருந்தார். மருந்து உடம்பில் இருக்கும்போது நீர் எடுத்தால் கிருமி வளர்ப்புச் சோதனை பொய் சொல்லும். இரண்டு வாரம் காத்திருந்து எடுத்தார்கள். மைக்ரோலிட்டருக்கு 400 வெள்ளணுக்கள், அதில் கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் வகை 30 சதவீதம். தொற்று என்று நினைக்க வைப்பது 3000-க்கு மேல், 80 சதவீதத்துக்கு மேல். க்யூட்டிபாக்டீரியம் போன்ற மெதுவாக வளரும் கிருமிகளையும் மனதில் வைத்து வளர்ப்புத் தட்டை 14 நாள் வைத்திருந்தார்கள். எதுவும் வளரவில்லை.

எக்ஸ்ரேயில் தளர்வு இல்லை, அச்சு நேராக இருந்தது. முட்டியை 90 டிகிரி மடக்கி முன்பின் அசைத்துப் பார்த்ததில் ஆட்டம் இல்லை. முட்டிச் சில்லு தன் தடத்தில்தான் ஓடியது. தொடைத் தசை பலவீனமாக இருக்கலாம் என்று ஆறு வாரம் ஃபிசியோதெரபி கொடுத்தார்கள். சிரத்தையாகச் செய்தார், பலன் இல்லை.

ஒன்பதாவது மாதம் புதுசாக ஒன்றைச் சொன்னார். நடந்தால் இரண்டு கெண்டைக்காலும் கனத்து வலிக்கிறது, நூற்றைம்பது மீட்டருக்கு மேல் முடியவில்லை, எதையாவது பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து நின்றால் குறைகிறது. அந்த ஒரு வாக்கியம் அவரை என்னிடம் அனுப்பிவைத்தது.

எனக்கு அது பாடப்புத்தகத்தில் இருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது. முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் நரம்புகள் போகும் குழாய் குறுகியவர் இப்படித்தான் சொல்வார். ரத்தக்குழாய் அடைப்பில் நடையை நிறுத்தினாலே வலி அடங்கும், இதில் குனிய வேண்டும் அல்லது உட்கார வேண்டும். பாதத்தில் நாடி நன்றாகத் துடித்தது. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னதும் மகள், "முட்டிக்குள்ள உலோகம் இருக்கே டாக்டர்?" என்று தயங்கினார். முட்டியில் வைக்கும் கோபால்ட் குரோமியமும் டைட்டானியமும் காந்தத்துக்கு இழுபடுபவை அல்ல, முதுகுப் படத்தில் இருந்து அவை வெகுதூரம் தள்ளியும் இருக்கின்றன என்று விளக்கினேன். படம் வந்தது. எல்4-எல்5-ல், அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகள் சேரும் இடத்தில் கடுமையான குறுகல், எல்3-எல்4-ல் நடுத்தரம். எலும்பு ஒன்றன்மேல் ஒன்று நழுவவில்லை. நோயாளி சொன்னதும் படம் காட்டியதும் பொருந்திவிட்டன. நானும் அதோடு நிறுத்திவிட்டேன்.

பத்தாவது மாதம் எல்3 முதல் எல்5 வரை லேமினெக்டமி செய்தேன், அதாவது நரம்புக் குழாயின் பின்பக்க எலும்பை எடுத்து இடம் உண்டாக்கினேன். நழுவல் இல்லாததால் திருகாணி வைத்து இணைக்கவில்லை. நரம்பு உறை கிழியவில்லை, ரத்த இழப்பும் குறைவு. மறுநாள் வார்டில் நடந்தார். கெண்டைக்கால் வலி போயே போய்விட்டது. என் கேஸ் ஷீட்டில் "மிகத் திருப்தி" என்று நானே எழுதியிருக்கிறேன்.

ஆறாவது வாரம் வந்தபோது இரண்டு முறை விழுந்திருந்தார். வலி திரும்பவில்லை. "கால் என்னோடதே இல்லாத மாதிரி இருக்கு டாக்டர். தரை எங்க இருக்குன்னு தெரியல." சிறுநீரை அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். வேறொரு மருத்துவர் ப்ராஸ்டேட் என்று மாத்திரை கொடுத்திருந்தார்.

முதுகில் கத்தி வைத்தவனுக்கு இந்த நேரத்தில் ஓடும் யோசனை எல்லாம் தன் கத்தி போன இடத்தைச் சுற்றியே ஓடும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா, எலும்பை அதிகம் எடுத்து ஆட்டம் வந்துவிட்டதா, போதாமல் எடுத்தேனா. சிறுநீர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் காடா ஈக்வைனா, அதாவது தண்டுவடத்தின் கீழே இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறதோ என்ற பயம் வேறு. அன்றே மறுபடி இடுப்பு எம்ஆர்ஐ எடுத்தோம். நரம்புக் குழாய் தாராளமாக விரிந்திருந்தது, ரத்தக் கட்டும் இல்லை, சீழும் இல்லை. ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி சரியாக இருந்தது. எனக்கு நிம்மதி, அவருக்கு எந்த மாற்றமும் இல்லை. "கொஞ்ச நாள் ஆகும், பொறுங்கள்" என்றேன்.

சரியாகப் பத்தாவது வாரத்தில் மறுபடி வந்தார்.

உறையில் இருந்து வராத படம்

அன்று அவர் தனியாக அறைக்குள் வந்தார். மகள் வெளியே கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். பழைய படங்களை எடுங்கள் என்றேன். உறையின் வாயில் ஒட்டியிருந்த மடிப்பைப் பிரிக்கப் பார்த்தார். விரல்கள் அதன்மேல் வழுக்கின. கட்டைவிரலால் தள்ளினார், பிறகு உறையை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் இழுத்தார். படம் பாதி வந்து சிக்கியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அரை நிமிடம் இருக்கும். ஆறு மாதத்துக்கும் மேலாக எல்லோரும் தேடியது அந்த அரை நிமிடத்தில் என் முன்னால் நடந்தது.

சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள் என்று கேட்டேன். மகள்தான், நாலைந்து மாதமாக. ஏன் சொல்லவில்லை? "கால் டாக்டர்கிட்ட கையப் பத்தி என்ன சொல்றது?"

கையும் காலும் சேர்ந்து கெட்டிருந்தால் சந்தேகம் கழுத்துக்குப் போகும். கழுத்து வலி இருக்கிறதா என்று கேட்டேன். துளியும் இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கழுத்தில் தண்டுவடம் நசுங்குபவருக்குக் கழுத்து வலித்தே ஆகவேண்டும் என்ற நினைப்பு மருத்துவர்களிடமும் இருக்கிறது. பலருக்கு வலிப்பதே இல்லை. இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று ஆய்வுகள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்ளே மடங்கின, இரண்டு கையிலும். தண்டுவடம் நசுங்குவதைச் சந்தேகிக்க வைக்கும் ஹாஃப்மன் குறி இதுதான். பத்து நொடியில் எத்தனை தடவை கையை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணினேன். ஆரோக்கியமான கை 20 தடவையாவது செய்யும், இவருக்கு 11. கைகளை நீட்டி விரல்களை ஒட்டி வைக்கச் சொன்னால் சுண்டுவிரல் மெல்ல விலகிப் போனது. கண்ணை மூடி நிற்கச் சொன்னதும் சாய்ந்தார். ஒரு காலின் விரல் நுனிக்கு முன் மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன், இரண்டாவது அடியே வரவில்லை. வலது முட்டியில் சுத்தியல் பட்டதும் கால் துள்ளியது. அறுவை செய்த இடது முட்டியிலும் துள்ளல். கணுக்காலில் மட்டும் சுத்தியல் பட்டும் இரண்டு பக்கமும் அசைவே இல்லை.

உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போகிறதா என்று பார்ப்பது 1896-ல் பாபின்ஸ்கி சொன்ன சோதனை. நூற்றாண்டு தாண்டியும் அதற்குச் செலவு ஒரு சாவி முனை மட்டும்தான். வலது விரல் மேலே போனது. இடது விரல் எந்தப் பக்கமும் போகவில்லை.

இந்தக் கலவைதான் இந்த நிகழ்வின் முக்கியமான பாடம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் கீழே உள்ள அனிச்சைகள் எல்லாம் மிகையாக வேண்டும், கால் விறைக்க வேண்டும், பெருவிரல் மேலே போக வேண்டும். ஆனால் இடுப்பில் நரம்பு வேர்கள் நசுங்கினால் நடப்பது நேர் எதிர்: அனிச்சை அணையும், தசை தளரும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் கீழே இருக்கும் நோய் மேலே இருக்கும் நோயின் அடையாளங்களைத் துடைத்துவிடும். கணுக்கால் அனிச்சை எல்5-க்கு அடுத்து வரும் எஸ்1 வேர் வழியாகப் போவது, அது இடுப்பில் செத்துவிட்டது, சர்க்கரை நோயும் தன் பங்குக்குச் செய்திருக்கும். பெருவிரலைத் தூக்கும் தசை எல்5-ஐ நம்பியிருப்பது, இடதில் அந்த வேர் நொந்துபோயிருந்ததால் மேலிருந்து உத்தரவு வந்தாலும் விரலுக்குத் தூக்கப் பலம் இல்லை. முட்டி அனிச்சைக்கு எல்3, எல்4 வேர்கள். அங்கே குறுகல் நடுத்தரம்தான் என்பதால் அந்த ஒரு சாளரம் திறந்தே இருந்தது. முட்டியில் துள்ளலும் கணுக்காலில் மௌனமும் சேர்ந்து வந்தால் இடம் ஒன்றல்ல, இரண்டு.

அன்று சாயங்காலம் என் பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். லேமினெக்டமிக்கு முன் நான் எழுதியது: "கணுக்கால் அனிச்சை இரு பக்கமும் இல்லை. இடது முட்டி: மாற்று அறுவை செய்தது, சோதிக்கவில்லை. வலது முட்டி:" அதற்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. செயற்கை மூட்டு வைத்த முட்டியில் அனிச்சை நம்பகமில்லை என்று விட்டது ஒரு சாக்கு. வலது முட்டிக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அதே கோப்பில் இரண்டு ஒப்புதல் படிவங்கள் இருந்தன, முட்டிக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. முதலாவதில் அவர் கையெழுத்து ஒரு கணக்காளருடையது: சிறியது, சீரானது, கடைசி எழுத்தின் கீழ் ஒரே இழுப்பில் ஒரு கோடு. பத்து மாதம் கழித்து இரண்டாவதில் எழுத்துகள் இரண்டு மடங்கு பெரிதாகி, கட்டத்தைத் தாண்டி, கோடு மூன்று துண்டாக உடைந்திருந்தது. சாட்சிக் கையெழுத்து போட்ட மருத்துவர் நான்தான்.

படம் சொன்னதும் சொல்லாததும்

கழுத்து எம்ஆர்ஐயில் சி4-சி5, சி5-சி6 (கழுத்தின் நான்கு முதல் ஆறு வரையான எலும்புகளுக்கு நடுவே) இரண்டு இடத்திலும் எலும்புகளுக்கு இடையிலான வட்டின் புடைப்பும் தடித்த தசைநாரும் தண்டுவடத்தை முன்னும் பின்னும் அழுத்தியிருந்தன. சி5-சி6-ல் டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே வெள்ளைத் தழும்பு. மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் தண்டுவடத்தின் பின்பக்கத்தைக் கெடுத்து இதே தள்ளாட்டத்தைக் கொடுக்கும். அதனால் அதையும் பார்த்தோம், சரியான அளவில் இருந்தது. கை, கால், உணர்ச்சி, சிறுநீர் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் எம்ஜேஓஏ என்ற அளவுகோலில் 18-க்கு 11. 11-ம் அதற்குக் கீழும் கடுமை என்று கணக்கு.

இப்போது கேட்கலாம்: அப்படியானால் இடுப்பு அறுவை தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. கெண்டைக்கால் வலி நிஜம், அது போனதும் நிஜம். தவறு வரிசையில். கழுத்தும் இடுப்பும் சேர்ந்து குறுகியிருக்கும்போது, தண்டுவடம் நசுங்கும் அடையாளம் தெளிவாக இருந்தால் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பது வழக்கம். சிலருக்குக் கழுத்தை விடுவித்ததும் கால் தொந்தரவும் குறைந்து, இடுப்பு அறுவையே தேவைப்படாமல் போவதும் உண்டு. இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. இடுப்பு அறுவைக்கு அவரை முழு மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்தோம். மூச்சுக்குழாய் போடக் கழுத்தைப் பின்னால் சாய்த்தோம். நசுங்கிய தண்டுவடத்துக்கு அந்த நிலை நல்லதல்ல. நடை மோசமானது அதற்குப் பிறகுதான்.

படத்தை நம்பி ஏமாறுவதைப் பற்றி 1990-ல் வந்த ஒரு ஆய்வை நான் பயிற்சி மருத்துவர்களிடம் எப்போதும் சொல்வேன். முதுகு வலியே வந்திராத 67 பேருக்கு இடுப்பு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 60 வயது தாண்டியவர்களில் 57 சதவீதம் பேருக்குப் படத்தில் கோளாறு இருந்தது, 21 சதவீதத்துக்குக் குறுகல். வயதானவர் முதுகைப் படம் எடுத்தால் ஏதாவது கிடைக்கும் என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன், கிடைத்ததும் தேடுவதை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள்

கழுத்தின் வளைவு சரியாக இருந்ததாலும் இரண்டு மட்டத்தில் அழுத்தம் இருந்ததாலும் பின்பக்கமாக சி3 முதல் சி6 வரை லேமினோபிளாஸ்டி என்று முடிவு செய்தோம். எலும்பு வளையத்தை ஒரு பக்கம் கீல் போல வைத்து மறுபக்கம் கதவு போலத் திறந்து, தட்டு வைத்து நிறுத்துவது. மயக்க மருத்துவர் இந்த முறை கழுத்தை அசைக்காமல், விழித்திருக்கும்போதே ஃபைபர் ஆப்டிக் கருவியால் குழாய் போட்டார். தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் குறையக்கூடாது என்று சராசரி ரத்த அழுத்தத்தை 85-க்குக் குறையாமல் பிடித்துவைத்தோம். நரம்புக் கண்காணிப்பில் அறுவை முழுக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இரண்டு நாள் நன்றாக இருந்தார். விரல் இலகுவாக இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் காலை தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனவருக்கு இடது கை தோளில் இருந்து எழவில்லை.

செவிலியர் கூப்பிட்டதும் ஓடினேன். தோளைத் தூக்கும் டெல்டாய்டு தசைக்கு 5-க்கு 2 பலம். முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் 4-க்கும் கொஞ்சம் கீழே. மணிக்கட்டும் விரல்களும் முந்தின நாள் போலவே. கால்களில் மாற்றம் இல்லை, கழுத்து வலி கூடவில்லை, காயம் புடைக்கவில்லை.

கழுத்து அறுவைக்குப் பிறகு கை விழுந்தால் முதலில் விலக்க வேண்டியது ரத்தக் கட்டு. அது தண்டுவடத்தை அழுத்தினால் வலி ஏறும், கால்களும் சேர்ந்து விழும், சில மணி நேரத்துக்குள் திறக்க வேண்டியிருக்கும். இவருக்கு அறிகுறிகள் அப்படி இல்லை, என்றாலும் ஊகத்தில் விடக்கூடிய விஷயமல்ல, உடனே எம்ஆர்ஐ எடுத்தோம். கட்டு இல்லை. தண்டுவடம் விடுபட்டுப் பின்னால் நகர்ந்து அழகாக இடம் பிடித்திருந்தது. தோள் தசைநார் கிழிந்திருந்தால் பைசெப்ஸ் விழாது. குப்புறப் படுக்கும்போது கையின் நரம்புப் பின்னல் இழுபட்டிருந்தால் மயக்கம் தெளிந்ததுமே தெரிந்திருக்கும், அதோடு உணர்ச்சியும் பரவலாகப் போயிருக்கும். இரண்டு நாள் நல்லபடியாக இருந்துவிட்டு, வலி இல்லாமல், ஒரு பக்கம், டெல்டாய்டு முதன்மையாக: இது சி5 வாதம், அதாவது கழுத்தின் ஐந்தாவது நரம்பு வேர் செயலிழப்பது.

கழுத்துத் தண்டுவடத்தை விடுவிக்கும் அறுவைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது வருகிறது. தண்டுவடம் பின்னால் நகரும்போது குட்டையான சி5 வேர் இழுபடுகிறது என்பது ஒரு விளக்கம். நீண்ட நாள் நசுங்கிக் கிடந்த இடத்துக்குத் திடீரென ரத்தம் திரும்புவதால் என்பது இன்னொன்று. பெரும்பாலோர் மாதக்கணக்கில் தேறிவிடுவார்கள். அறுவைக்கு முன் இதை நான் அவரிடம் சொல்லியிருந்தேன், எழுதியும் கொடுத்திருந்தேன். அப்படியிருந்தும் மகள் வராந்தாவில் என்னை நிறுத்தி, "ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சரியாகி இன்னொண்ணு போகுது, டாக்டர்" என்றார். அதற்குப் புள்ளிவிவரம் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை.

தோள் இறுகாமல் இருக்க அன்றே ஃபிசியோதெரபி ஆரம்பித்தோம். கையைத் தாங்க ஒரு பட்டை. மறுபடி திறந்து வேரை விடுவிக்க வேண்டுமா என்று சக மருத்துவர் கேட்டார். படத்தில் வேர் வெளியேறும் துளை குறுகவில்லை, அதனால் காத்திருந்தோம். டெல்டாய்டு பலம் ஆறாம் வாரம் 3, ஏழாம் மாதம் 4-க்கும் மேல். தலை சீவிக்கொள்ள முடிந்தது.

ஒரு வருடம் கழித்து

எம்ஜேஓஏ 14. கோலோடு நடக்கிறார், விழவில்லை. சிறுநீர் அவசரம் குறைந்துவிட்டது, ப்ராஸ்டேட் மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. விரல் நுனி மரமரப்பு அப்படியேதான் இருக்கிறது, தண்டுவடத்தில் அந்த வெள்ளைத் தழும்பும். நான்கு மாதம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் 14 எவ்வளவாக இருந்திருக்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் நேர்மையான எண் எதுவும் இல்லை.

இப்போது வலது முட்டி நிஜமாகவே வலிக்கிறது. இந்த முறை வலி மூட்டுக்கோட்டில்தான், படியிறங்கும்போது, ராத்திரி திரும்பிப் படுக்கும்போது. முட்டி மருத்துவர் எனக்கு எழுதிய குறிப்பில் முதல் வரியிலேயே இரண்டு கைகளின் ஹாஃப்மனும் இரண்டு முட்டிகளின் அனிச்சையும் இருந்தன. மயக்க மருத்துவருடன் உட்கார்ந்து பேசினோம். முழு மயக்கம் வேண்டாம், தண்டுவட ஊசிதான், ஆனால் லேமினெக்டமி செய்த மட்டங்களைத் தவிர்த்து, தழும்புத் திசு எங்கே இருக்கிறது என்று படத்தைப் பார்த்துவிட்டு. ஊசி சரிப்படாமல் போனால் என்ன செய்வது, கழுத்தை யார் பிடிப்பது என்பது வரை எழுதிவைத்திருக்கிறோம். கோலை ஊன்றப் போகும் கை இடது கை என்பதால் டெல்டாய்டு பலம் இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம்.

ஒப்புதல் படிவத்தை நேற்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்துகள் கட்டத்துக்குள் இருக்கின்றன. அடிக்கோடு இரண்டு துண்டு.